நிகழ்ச்சி அட்டவணைக்கு முன்னால் கோபுர வாடகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நேயர்களின் நன்கொடையில் நடக்கும் அமெரிக்க வானொலி நிலையங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அவற்றின் நிலையக் குழுத் தேர்தலில் அங்கு வாழும் தமிழர்களும் நிற்க வேண்டும் என்ற அழைப்போடு முடிந்திருந்தது. தாராளமாக நிற்கட்டும். ஆனால் அந்தக் குழுவால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, நொடித்துக் கிடக்கும் ஒரு நிலையத்தில் முதலில் எந்தத் தாளைப் புரட்ட வேண்டும் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. வேட்பாளர்களில் பெரும்பாலானோர் எந்த நிகழ்ச்சியைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்றே பேசி வாக்குக் கேட்கிறார்கள். அந்த அதிகாரம் குழுவிடம் இல்லவே இல்லை.

இவ்வகை நிலையங்களுக்கு முன்னோடியான பசிஃபிகா அறக்கட்டளையையே எடுத்துக்கொள்வோம். போர்ச் சேவையை மறுத்த லூயிஸ் ஹில்லும் அவருடைய தோழர்களும் 1946-இல் தொடங்கியது அது. பெர்க்லியில் அவர்களுடைய கே.பி.எஃப்.ஏ. 1949 ஏப்ரல் 15 அன்று ஒலிக்கத் தொடங்கியது. பின்னர் லாஸ் ஏஞ்சலஸில் கே.பி.எஃப்.கே. (1959), நியூயார்க்கில் டபிள்யூ.பி.ஏ.ஐ. (1960), ஹூஸ்டனில் கே.பி.எஃப்.டி. (1970), வாஷிங்டனில் டபிள்யூ.பி.எஃப்.டபிள்யூ. (1977) என ஐந்தாயின. ஹூஸ்டன் நிலையத்தின் டிரான்ஸ்மிட்டரை அது தொடங்கிய ஆண்டிலேயே வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் ஆட்கள் இரண்டு முறை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதிலிருந்து நிலையம் மீண்டது. வெடிகுண்டைவிடக் கடன் கொடியது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

வேட்பாளர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இது: ஐந்து நிலையங்களின் உரிமங்களும் ஒரே அறக்கட்டளையின் பெயரில் இருக்கின்றன. ஆகவே ஒரு நிலையம் பட்ட கடனுக்காக மற்ற நான்கின் சொத்தையும் கடன் கொடுத்தவர் குறிவைக்கலாம். "எங்கள் நிலையம் எங்கள் பணத்தில் ஓடுகிறது, மற்றவர் கதை நமக்கெதற்கு" என்று மேடையில் பேசுபவர் அறக்கட்டளையின் சட்ட அமைப்பைப் படிக்காதவர்.

1999-இல் கே.பி.எஃப்.ஏ. ஊழியர்களை நிர்வாகம் வெளியே நிறுத்திப் பூட்டியது. அதைத் தொடர்ந்த தெருப் போராட்டங்களும் வழக்குகளும் 2003-இல் புதிய அமைப்பு விதிகளில் வந்து முடிந்தன. அவற்றின்படி ஒவ்வொரு நிலையத்துக்கும் 24 பேர் கொண்ட குழு. 18 பேரை நேயர்களும், 6 பேரைச் சம்பளம் பெறும், பெறாத ஊழியர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் 3 ஆண்டு. தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது. இந்தக் குழுக்கள் ஒவ்வொன்றும் 4 பேரை, அறக்கட்டளை முழுவதையும் நடத்தும் தேசிய இயக்குநர் குழுவுக்கு அனுப்பும். பசிஃபிகாவின் நிகழ்ச்சிகளைப் பெற்று ஒலிபரப்பும் துணை நிலையங்களின் சார்பில் வரும் இருவரையும் சேர்த்தால் அங்கே 22 பேர்.

நிலையக் குழுவின் கையில் இருப்பவை சில. ஆனால் கனமானவை. நிலையத்தின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தைப் பரிசீலித்து ஒப்புதல் தருவது. பொது மேலாளர் பதவிக்கு வரும் விண்ணப்பங்களைச் சலித்து, தகுதியானவர்களின் பட்டியலை அறக்கட்டளையின் தலைமை நிர்வாகிக்கு அனுப்புவது. மேலாளரையும் நிகழ்ச்சிப் பொறுப்பாளரையும் ஆண்டுதோறும் மதிப்பிடுவது. நேயர்களின் பொதுக்கூட்டம் நடத்துவது. நிதி திரட்ட உதவுவது. திங்கள் காலை எட்டு மணிக்கு யார் பேசுவது என்பது மேலாளரும் நிகழ்ச்சிப் பொறுப்பாளரும் பார்க்க வேண்டிய வேலை. குழு உறுப்பினர் ஒருவர் ஒலிபரப்பு அறைக்குள் போய்ச் சொந்த ரசனையை உத்தரவாகச் சொல்லும் நாளில் ஊழியருக்கு இரண்டு எஜமானர்கள் ஆகிவிடுகிறார்கள். மேலாளரும் அதையே சாக்காக வைத்துப் பொறுப்பிலிருந்து நழுவிவிடுவார்.

நேயர் தரப்பில் நிற்க, கடந்த 12 மாதத்தில் குறைந்தது 25 டாலர் கொடுத்திருக்க வேண்டும், அல்லது 3 மணி நேரம் தன்னார்வ வேலை செய்திருக்க வேண்டும். உறுப்பினர் பட்டியலுக்கு ஒரு கெடு நாள் உண்டு. அதற்கு மறுநாள் பணம் கொடுத்தவருக்கு அந்தத் தேர்தலில் வாக்கில்லை. மனுவில் 15 நேயர் உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும். ஊழியர் தரப்பில் நிற்பவருக்கு 5 ஊழியர்கள் போதும். நேயர் மனுவில் வழக்கமாக வரும் கோளாறு, கையெழுத்திட்டவர்களில் இருவர் மூவரின் உறுப்பினர் காலம் முடிந்துபோயிருப்பது. அதனால் 25 பேரிடமாவது வாங்கிவைப்பது நல்லது. அரசுப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரோ, நியமிக்கப்பட்டவரோ, அப்படியொரு பதவிக்குப் போட்டியிடுபவரோ நிற்க முடியாது. சாதாரண அரசு ஊழியருக்கு இந்தத் தடை இல்லை. நிலையத்தின் மைக்கில் பிரசாரம் செய்ய எல்லா வேட்பாளருக்கும் சம நேரம். சொந்த நிகழ்ச்சி வைத்திருப்பவர் அந்த நேரத்தில் தனக்கோ தன் அணிக்கோ வாக்குக் கேட்டால் விதிமீறல். தேர்தல் மேற்பார்வையாளரிடம் புகார் போகும்.

வாக்கு எண்ணும் முறை புதிதாக வருபவர்களைக் குழப்பும். வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை இடுவார். ஒரு தேர்தலில் 9 இடங்கள், செல்லத்தக்க வாக்குச்சீட்டுகள் 2,000 என்று வையுங்கள். 2,000-ஐ 10-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 201. அதுதான் வெற்றிக்கான அளவு. 201-ஐத் தாண்டியவரின் உபரி வாக்குகள் அவற்றில் குறித்த அடுத்த பெயருக்குப் பின்ன மதிப்பில் போகும். யாரும் தாண்டாதபோது கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டு, அவருடைய சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்கு நகரும். ஆகவே 2,000 பேரையும் கவர வேண்டியதில்லை. பத்தில் ஒருவரின் உறுதியான ஆதரவு போதும். அடுத்த அணியைத் திட்டித் தீர்ப்பவருக்கு அந்த அணியின் சீட்டுகளிலிருந்து இரண்டாம் விருப்பமும் மூன்றாம் விருப்பமும் வராது. பலர் தோற்பது அந்த இடத்தில்தான். வாக்காளர் ஒரே பெயரைக் குறித்துவிட்டு நிறுத்தினாலும் நட்டம். அந்தப் பெயர் நீக்கப்பட்டதும் சீட்டு செத்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் குறைந்தபட்ச வாக்களிப்பு என்ற படி ஒன்று இருக்கிறது. நேயர் உறுப்பினர்களில் 10 சதவீதமும், ஊழியர்களில் 25 சதவீதமும் வாக்களிக்க வேண்டும். பத்தாயிரம் நேயர் உறுப்பினர் இருந்தால் ஆயிரம் சீட்டுகள். சொல்லும்போது சுலபமாகத் தெரிகிறது. பழைய மின்னஞ்சல் முகவரிகளும் குப்பை அஞ்சலில் விழுந்த வாக்குச்சீட்டுகளும் சேர்ந்து இதைக் கடைசி வார ஓட்டமாக மாற்றிவிடும். பொறுப்புள்ள வேட்பாளர் தனக்கு வாக்குக் கேட்பதற்கு முன் "உங்களுக்கு வாக்குச்சீட்டு வந்ததா?" என்று கேட்பார்.

இனி, மனு போடுவதற்கு முன்பே படிக்க வேண்டிய தாள்கள். வருமான வரித்துறைக்கு அறக்கட்டளை ஆண்டுதோறும் தரும் 990 படிவம் யாரும் பார்க்கக்கூடியது. அதில் பத்தாம் பகுதி சொத்து, கடன் கணக்கு. ஆண்டின் தொடக்கத்தில் நிகர சொத்து எவ்வளவு, முடிவில் எவ்வளவு என்று இரண்டு வரிசையாக இருக்கும். இரண்டாவது எண் சுருங்கியிருந்தாலோ, சுழியத்துக்குக் கீழே போயிருந்தாலோ அதுவே முதல் கேள்வி. மூன்று ஆண்டு தொடர்ந்து இந்தப் படிவத்தைத் தராவிட்டால் வரிவிலக்கு தானாகவே பறிபோகும். அடுத்தது தணிக்கை அறிக்கை. முதலில் அதன் தேதியைப் பாருங்கள். நிதியாண்டு முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகியும் அறிக்கை வரவில்லை என்றால், கணக்கு எழுத ஆளில்லை என்று பொருள், அல்லது தணிக்கையாளருக்கே பாக்கி என்று பொருள். அமைப்பு தொடர்ந்து இயங்குமா என்பது ஐயத்துக்குரியது என்ற குறிப்பு உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். அரசுப் பணத்தை நிலையங்களுக்குப் பிரித்துக் கொடுத்த பொது ஒலிபரப்புக் கழகத்தின் மானியமும், முன்பெல்லாம் தணிக்கை தாமதமானால் போய்விடும். ஆனால் 2025 ஜூலையில் அமெரிக்க காங்கிரஸ் அந்தக் கழகத்துக்கென ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பிறகு, அந்த மானியத்தை நம்பி இருந்த நிலையங்களும் நேயரின் சட்டைப்பையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கணக்கைக் கேட்டு வாங்கும் உரிமையிலும் நுணுக்கம் உண்டு. பசிஃபிகா கலிபோர்னியாவில் பதிவான அறக்கட்டளை. அந்த மாநிலச் சட்டப்படி இயக்குநருக்கு எல்லா ஏடுகளையும் பார்க்கவும் நகலெடுக்கவும் முழு உரிமை இருக்கிறது. நிலையக் குழு உறுப்பினர் இயக்குநர் அல்ல, பிரதிநிதி மட்டுமே. மேலாளர் காட்ட மறுத்தால், தன் நிலையம் அனுப்பிய நான்கு இயக்குநர்களில் ஒருவர் வழியாக அழுத்தம் தரலாம். அதனால் அந்த நால்வரில் கணக்கு தெரிந்த ஒருவரையாவது அனுப்புங்கள். மேடைப் பேச்சாளர்களை மட்டும் அனுப்பிவைக்கும் குழுக்கள் பிறகு வருந்துகின்றன.

நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ. பட்ட பாடு இங்கே பாடம். அதன் ஆன்டெனா எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. வாடகை ஆண்டுக்கு ஆண்டு ஏறியது; நேயர் நன்கொடை ஏறவில்லை. பாக்கி சேர்ந்து 2017-இல் சுமார் 18 லட்சம் டாலருக்கு அறக்கட்டளைக்கு எதிராகத் தீர்ப்பானது. 2018-இல் 37 லட்சம் டாலர் கடன் வாங்கித்தான் அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியே வர முடிந்தது. ஆன்டெனா டைம்ஸ் சதுக்கத்துக் கட்டடம் ஒன்றுக்கு இடம் பெயர்ந்தது. வாடகைக் கடன் போய் வட்டிக் கடன் வந்தது. 2019 அக்டோபர் 7 அன்று தேசிய நிர்வாகம் நிலையத்தின் உள்ளூர் நிகழ்ச்சிகளை நிறுத்தி ஊழியர்களை அனுப்பிவிட்டது. வழக்குகள் நடந்து, ஒரு மாதம் கழித்து நவம்பர் 7 அன்று நிகழ்ச்சிகள் திரும்பின. இத்தனைக்கும் வேர் எந்த நிகழ்ச்சியிலும் இல்லை. ஆண்டுதோறும் ஏறும் வாடகை என்ற ஒற்றை வரியில் இருந்தது.

ஆகவே கோபுர ஒப்பந்தம் எந்த நிலையத்திலும் மேசைக்கு வரட்டும். எந்த ஆண்டு முடிகிறது, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறுகிறது, இடையில் வெளியேற என்ன நிபந்தனை, ஆன்டெனாவை இறக்கும் செலவு யாருடையது என்று நான்கு கேள்வி போதும். கடன் ஏறினால் உரிமங்கள் மேல் ஆசைப்படுபவர்களும் வருவார்கள். அமெரிக்கப் பண்பலையில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை வணிக நோக்கமற்ற நிலையங்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதி. டபிள்யூ.பி.ஏ.ஐ. 99.5-இலும், கே.பி.எஃப்.ஏ. 94.1-இலும் இருக்கின்றன. இரண்டும் அந்த வேலிக்கு வெளியே வணிக நிலையங்களின் நடுவே இருப்பதால் அவற்றை விற்றாலோ மாற்றிக்கொண்டாலோ கிடைக்கும் விலை அதிகம். "ஒன்றை விற்றுக் கடனை அடைப்போம்" என்ற யோசனை பணமுடை வரும்போதெல்லாம் தலைகாட்டும். விற்ற அலைவரிசை திரும்பாது. அதைச் சொல்லும் வேட்பாளர், விற்காமல் கடனை எப்படி அடைப்பது என்பதையும் எண்களோடு சொல்லட்டும்.

நிதி திரட்டும் வாரங்களின் கணக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தொலைபேசியில் நேயர் சொல்லும் தொகை வாக்குறுதி, வரவு அல்ல. மூன்று லட்சம் டாலர் வாக்குறுதி கிடைத்ததாக வையுங்கள். ஐந்தில் ஒரு பங்கு வராமல் போனால் 2,40,000. நன்றிப் பரிசாகத் தரும் புத்தகம், குறுந்தகடு, தபால், கடன் அட்டைக் கட்டணம் என 40,000 போனால் கையில் 2 லட்சம். திட்டத்தில் 3 லட்சம் என்று எழுதிச் சம்பளத்துக்கு ஒதுக்கியிருந்தால், ஒரு லட்சம் பள்ளம் அன்றே விழுந்தாகிவிட்டது. பள்ளத்தை நிரப்ப இன்னொரு நிதி வாரம் அறிவிக்கிறார்கள். நேயர் சலித்து அலைவரிசையை மாற்றுகிறார், வாக்குறுதி இன்னும் குறைகிறது. எண்ணெய்ச் செலவே ஒழிய பிள்ளை பிழைத்தபாடில்லை.

பரிசு அனுப்பாமல் விடுவது இன்னும் மோசம். பதிப்பாளருக்குப் பணம் தராததால் புத்தகம் வராமல், 100 டாலர் கொடுத்தவர் ஆறு மாதம் காத்திருந்துவிட்டு அடுத்த ஆண்டு கொடுக்கவே மாட்டார். வரிக் கணக்கிலும் சிக்கல் உண்டு. 100 டாலருக்கு 30 டாலர் மதிப்புள்ள பொருளைக் கொடுத்தால் நேயர் வரிவிலக்குக் கோர முடிவது 70-க்கு மட்டுமே. 75 டாலருக்கு மேற்பட்ட இப்படியான தொகைக்கு நிலையம் இதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எனவே குழு மாதந்தோறும் கேட்க வேண்டியவை: சொன்ன தொகை, வந்த தொகை, அனுப்ப வேண்டிய பரிசுகளின் பாக்கி. நிரந்தர மருந்து மாதாந்திர நன்கொடைதான். மாதம் 10 டாலர் என்றால் ஆண்டுக்கு 120. பரிசும் வேண்டாம், நிதி வாரமும் குறையும். அதற்கும் பராமரிப்பு வேண்டும். அட்டைக் காலாவதியானவர்களைக் கூப்பிட்டுப் புது எண் வாங்க வாரத்தில் சில மணி நேரம் ஒரு ஆள் இல்லாவிட்டால் பட்டியல் ஓசையின்றிக் கரையும். உயில் வழியாக வரும் பெருந்தொகையை அன்றாடச் செலவில் கரைக்கும் நிலையம் அடுத்த ஆண்டும் யாராவது இறப்பார்கள் என்று நம்பித் திட்டம் போடுகிறது. கேட்க அபசகுனமாக இருந்தாலும் ஏடு சொல்வது அதைத்தான். டிரான்ஸ்மிட்டருக்கென்று பெயர் சொல்லிக் கொடுத்த பணத்தைச் சம்பளத்துக்கு எடுப்பது தவறென்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

உரிமத்தின் பக்கம் வருவோம். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் தரும் உரிமம் 8 ஆண்டுக்கு. ஒவ்வொரு காலாண்டும் நிலையம் ஒலிபரப்பிய சமூகப் பிரச்சினைகள், நிகழ்ச்சிகளின் பட்டியலை ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 10-ஆம் தேதிகளுக்குள் இணையத்திலுள்ள பொதுக் கோப்பில் ஏற்ற வேண்டும். வேலை சின்னது. பணம் இல்லாமல் ஆளைக் குறைக்கும்போது முதலில் விட்டுப்போவதும் இதுதான். உரிமம் புதுப்பிக்கும்போது அபராதமாகத் திரும்பி வரும். கோப்பு எல்லோருக்கும் திறந்தே இருப்பதால் வேட்பாளர் வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம்.

டிரான்ஸ்மிட்டர் பழுதாகி அனுமதித்த திறனில் 90 சதவீதத்துக்குக் கீழே ஓடினால், 10 நாளில் சரியாகாதபோது ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 30 நாளைத் தாண்டினால் தனி அனுமதி வேண்டும். முழுவதும் நின்றுபோனாலும் அதே 10, 30 நாள் கணக்குதான். தொடர்ந்து 12 மாதம் ஒலிக்காமல் இருந்தால் உரிமம் தானாகவே காலாவதி. மாற்று டிரான்ஸ்மிட்டர் கடைசியாக எப்போது ஓட்டிப் பார்க்கப்பட்டது, ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா, பொறியாளருக்குச் சம்பளம் போகிறதா என்று கேட்க மின்னணுவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

நிதி நெருக்கடியில் "விளம்பரம் வாங்கினால் என்ன" என்று யாராவது கேட்பார்கள். வணிகமற்ற நிலையத்தில் அது கூடாது. ஒரு நிறுவனம் ஆதரித்ததாக நன்றி சொல்லலாம். விலை சொல்லக்கூடாது, "உடனே வாங்குங்கள்" என்று அழைக்கக்கூடாது, மற்றவரைவிடச் சிறந்தது என்று ஒப்பிடக்கூடாது. அரசியல் வேட்பாளரை நிலையம் ஆதரிப்பதும் எதிர்ப்பதும் தடை செய்யப்பட்டவை. சொற்களில் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கும் இந்த அறக்கட்டளையே வரலாறு. 1973-இல் பகல் நேரத்தில் டபிள்யூ.பி.ஏ.ஐ. ஒலிபரப்பிய ஜார்ஜ் கார்லினின் கெட்ட வார்த்தைகள் கொண்ட நகைச்சுவைப் பேச்சு உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் நிலையத்துக்கு எதிராகத் தீர்ப்பானது.

சம்பளத்தில் பிடித்த வரியை அரசுக்குக் கட்டாமல் வாடகைக்குத் திருப்பும் பழக்கம் நொடித்த அமைப்புகளில் எளிதாக நுழையும். அமெரிக்கச் சட்டத்தில் அந்தப் பணம் அரசுக்காக வைத்திருக்கும் அமானிதம். கட்டாமல் விட்டால், யாருக்குப் பணம் கொடுப்பது என்று முடிவெடுத்தவரிடமிருந்தே, அவருடைய சொந்தக் காசிலிருந்து, அதே அளவு தொகையை அபராதமாக வசூலிக்க முடியும். அன்றாட நிதியில் தலையிடாத, விஷயம் தெரியாத சம்பளமற்ற கௌரவ உறுப்பினருக்கு விலக்கு உண்டு. தெரிந்துவிட்ட பிறகு அந்த விலக்கு இல்லை. ஆகவே பொருளாளராகச் சம்மதிப்பவர் முதல் கூட்டத்திலேயே வரி கட்டிய ரசீதுகளையும், இயக்குநர் பொறுப்புக் காப்பீடு நடப்பில் இருப்பதற்கான சான்றையும் கேட்டு, கேட்டதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லட்டும்.

கூட்டங்கள் பற்றிக் கொஞ்சம். 24 பேர் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசினாலே ஒரு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம் போய்விடும். அணிச் சண்டை முற்றிய குழுக்களில் நிகழ்ச்சி நிரலை ஏற்பதா என்ற விவாதமே பாதி மாலையைத் தின்னும். வரவு செலவுத் திட்டம் பத்து மணிக்கு வந்து, களைத்துப்போய்க் கையைத் தூக்குவார்கள். நிதி அறிக்கையை நிரலில் முதல் பொருளாக்கவும், அது 5 நாள் முன்பே எழுத்தில் வரவும் ஒரு தீர்மானம் போட்டால் போதும், பாதி வேலை முடிந்தது. அறிக்கையில் மூன்று வரி கட்டாயம்: வங்கியில் இன்றைய இருப்பு, 90 நாளைக் கடந்த பாக்கிகள், அடுத்த 13 வாரத்தில் வாரவாரியாக வரப்போவதும் போகப்போவதும். ஆண்டுத் திட்டம் சமமாகத் தெரியும் நிலையத்திலும் ஏழாவது வாரம் சம்பளத்துக்குப் பணமில்லை என்பது அந்த மூன்றாவது வரியில்தான் முதலில் தெரியும். கூட்டங்கள் பொதுவில் நடக்க வேண்டியவை. பணியாளர் விவகாரம், வழக்கு, ரகசிய ஒப்பந்தம் போன்றவற்றுக்கு மட்டுமே கதவை மூடலாம். பாக்கியின் அளவை மறைக்கக் கதவை மூடும் குழுவுக்கு நேயர் எதற்குப் பணம் தர வேண்டும்?

மேலாளர் தேர்வும் இழுபறிக்குப் பேர்போனது. விண்ணப்பங்களைச் சலித்துப் பட்டியல் அனுப்ப ஒரு தெளிவான நாளை முதலிலேயே குறிக்காவிட்டால், இடைக்கால மேலாளர்கள் மாறிமாறி வருவார்கள். இடைக்காலத்தவர் யாரும் கோபுர வாடகையைப் பேரம் பேசிக் குறைக்கத் துணியமாட்டார்.

இந்த ஆண்டு நிற்க எண்ணுபவர்கள் 25 டாலரை உறுப்பினர் கெடு நாளுக்கு முன்பே கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பட்டியலில் பெயர் விடுபட்டால் அந்த ரசீதைக் காட்டித்தான் சேர்க்க முடியும்.

இப்படிக்கு,
நேயர் வானொலி ஆர்வலர்,
கலிபோர்னியா